பீரோவைத் தொட்டால் சுளீர் என்று அடிக்கிறதே, ஏன்? நிலைமின்சாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். பாடத்தில் முதல் அலகே நிலைமின்னியல்தான், அதனால் வருஷா வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் இந்தக் கேள்விகள் வந்துவிடும். பிள்ளைகள் கேட்பதை விட, அவர்களைக் கொண்டு விட வருகிற அப்பா, அம்மா, ஆச்சிமார் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அவர்கள் மார்க்குக்காகக் கேட்பதில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை என்று எல்லாவற்றையும் இங்கே எழுதிப் போட்டுவிட்டேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. இரண்டு மின்னூட்டங்கள் ஒன்றை ஒன்று எவ்வளவு பலமாக இழுக்கும், தள்ளும் என்று சொல்கிற கூலூம் விதி பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

பிளாஸ்டிக் சேரில் இருந்து எழுந்து பீரோ கைப்பிடியைத் தொட்டால் சுளீர் என்று அடிக்கிறது. வயரிங்கில் லீக்கேஜா?

பீரோவில் வயரே இல்லையே, அப்புறம் லீக்கேஜ் எங்கிருந்து வரும்? அது உங்கள் உடம்பில் இருந்து பீரோவுக்குப் போகிற மின்னூட்டம். பாலியஸ்டர் பேண்ட்டோ சேலையோ பிளாஸ்டிக் சேரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும்போது ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு எலக்ட்ரான்கள் கொஞ்சம் இடம் மாறிவிடுகின்றன. உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியாது. எழுந்ததும் சேர் தன் பங்கை வைத்துக்கொள்ளும், நீங்கள் உங்கள் பங்கோடு நடப்பீர்கள். காலில் ரப்பர் செருப்பு இருந்தால் அது தரைக்கு இறங்க வழியில்லை. பீரோ மாதிரிப் பெரிய இரும்புச் சாமானுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டு போனதும் காற்றைப் பிளந்துகொண்டு ஒரே தாவாகப் போய்விடும்.

வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், இது முக்கியம். ஒரே ஒரு தடவை சுளீர் என்று அடித்துவிட்டு, உடனே திரும்பத் தொட்டால் ஒன்றும் இல்லையென்றால் அது நிலைமின்சாரம். கிரைண்டரையோ ஃபிரிட்ஜையோ ஈரக் குழாயையோ தொடும்போது விர்ர் என்று விடாமல் இழுத்தால், அது எர்த் சரியில்லாத வீட்டு மின்சாரம். அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு "லேசாத்தான் அடிக்கு" என்று நாள் கடத்தாமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

அப்போ நிலைமின்சாரம் வேறு, கரண்ட் வேறா?

இரண்டும் ஒரே எலக்ட்ரான்தான். பாபநாசத்தில் தண்ணீரை விட்டு ஓட்டுகிற மின்சாரத்திலும் அதே எலக்ட்ரான், சீப்பில் ஒட்டியிருப்பதும் அதே எலக்ட்ரான். கம்பியில் ஓடிக்கொண்டிருந்தால் மின்னோட்டம் என்கிறோம், ஒரு பொருளின் மேல் போக வழியில்லாமல் தங்கிவிட்டால் நிலைமின்சாரம் என்கிறோம். பீரோவில் அடித்த அந்த நொடியில் உங்கள் நிலைமின்சாரமும் மின்னோட்டம் ஆகிவிட்டது, ஆனால் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரம்கூட அது நீடிக்காது.

தேய்த்தால் மின்சாரம் உண்டாகிறது என்கிறார்களே, அது எங்கிருந்து உண்டாகிறது?

உண்டாவது எதுவும் இல்லை. இருந்தது இடம் மாறுகிறது, அவ்வளவுதான். எந்தப் பொருளை எடுத்தாலும், உங்கள் கைவிரலோ பத்தமடைப் பாயோ எதுவாக இருந்தாலும், அணுக்களின் நடுவில் நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான்கள், சுற்றிலும் எதிர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரான்கள். இரண்டும் அளவில் துல்லியமாகச் சமம். கடைக்காரர் பேரேட்டில் வரவும் செலவும் பைசா சுத்தமாக நேர்படுவது போல் கணக்கு நேராக இருப்பதால்தான் வெளியே ஒன்றும் தெரிவதில்லை. இரண்டு வேறு பொருள்கள் தொட்டுப் பிரியும்போது ஒரு பக்கத்தில் இருந்து கொஞ்சம் எலக்ட்ரான் மறுபக்கம் போய்விடுகிறது. போன பக்கம் எதிர்மின்னூட்டம், இழந்த பக்கம் நேர்மின்னூட்டம். புரோட்டான் அணுவின் கருவுக்குள் கட்டுண்டு கிடப்பதால் அது நகராது. மொத்தத்தைக் கூட்டிப் பார்த்தால் தேய்ப்பதற்கு முன்னால் இருந்த அதே தொகைதான் இருக்கும்.

தேய்ப்பது என்பதே இரண்டாம் பட்சம். தொட்டுப் பிரிந்தாலே போதும், செல்லோ டேப்பைச் சுருளில் இருந்து உரித்தாலே மின்னூட்டம் வந்துவிடும். தேய்க்கும்போது அதிக இடங்கள் தொட்டுப் பிரிகின்றன, அதனால் கூடுதலாக வருகிறது.

இது பழைய சமாச்சாரம். கிரேக்கர்கள் அம்பர் என்கிற மரப்பிசின் கல்லைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்று 2,500 வருஷத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். 1600-ல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் கண்ணாடி, கந்தகம் என்று இன்னும் பல பொருள்களும் அப்படி இழுப்பதைக் காட்டினார். 1729-ல் ஸ்டீபன் கிரே சில பொருள்கள் வழியாக அது ஓடும், சிலவற்றில் ஓடாது என்று கண்டார். கடத்தி, காப்பான் என்று நாம் படிப்பது அங்கே தொடங்கியதுதான்.

எது பிளஸ், எது மைனஸ் என்று எப்படித் தெரியும்?

1733 வாக்கில் பிரான்சின் தூஃபே என்பவர் இரண்டு வகை இருக்கிறது என்று கண்டுபிடித்தார். ஒரே வகை என்றால் விலக்கும், வேறு வகை என்றால் ஈர்க்கும். அதற்குப் பிளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தது அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்ளின். பட்டுத் துணியால் தேய்த்த கண்ணாடியில் இருப்பதைப் பிளஸ் என்று வைத்துக்கொண்டார். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது, 1897-ல்தான் ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தார். பார்த்தால் ஃபிராங்ளின் வைத்த கணக்கில் எலக்ட்ரான் மைனஸ் பக்கம் விழுந்துவிட்டது. மின்னோட்டத்தின் திசை ஒரு பக்கம், எலக்ட்ரான் ஓடும் திசை எதிர்ப்பக்கம் என்று பிள்ளைகள் இன்றைக்கும் குழம்புவதற்கு அந்த ஃபிராங்ளின்தான் காரணம், நான் இல்லை.

எந்தப் பொருள் எலக்ட்ரானை விடும், எது பிடித்துக்கொள்ளும் என்று ஒரு வரிசை உண்டு. கண்ணாடி, தலைமுடி, நைலான், கம்பளி, பட்டு எல்லாம் விடுகிற பக்கம். பாலியஸ்டர், பாலித்தீன், பிவிசி, நான்ஸ்டிக் தவாவில் பூசுகிற டெஃப்லான் எல்லாம் பிடிக்கிற பக்கம். காகிதமும் பருத்தியும் நடுவில். பிளாஸ்டிக் சீப்பால் தலையைச் சீவினால் சீப்பு மைனஸ், முடி பிளஸ். முடி ஒவ்வொன்றும் பிளஸ் என்பதால் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு விறைத்து நிற்கும். வரிசையில் ரொம்பத் தள்ளி இருக்கிற இரண்டை எடுத்தால் நன்றாக வேலை செய்யும், பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை சில நேரம் மாறியும் காட்டும், மேற்பரப்பில் அழுக்கு, ஈரம் எது இருந்தாலும் வரிசை குழம்பும். அதனால் அதை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டாம்.

எங்க ஆச்சி சீவினால் சீப்பு பேப்பரைத் தூக்கவே மாட்டேங்குது, ஏன்?

தேங்காய் எண்ணெய். முடி, சீப்பு இரண்டின் மேலும் ஒரே எண்ணெய்ப் படலம் படிந்துவிட்டால், தொட்டுப் பிரிவது எண்ணெயும் எண்ணெயும்தான், எலக்ட்ரான் இடம் மாறக் காரணமே இல்லை. சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த சீப்பு, தலைக்குக் குளித்து நன்றாகக் காய்ந்த முடி, இரண்டும் இருந்தால் ஆச்சி சீவினாலும் தூக்கும்.

குற்றாலத்துக்குப் போனால் இந்த ஷாக்கே இல்லை, வள்ளியூர்ப் பக்கம் அடிக்கிறது. ஊருக்கு ஊர் மாறுமா?

ஊருக்கு ஊர் மாறும், மாசத்துக்கு மாசமும் மாறும். காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படியும். அதில் கரைந்திருக்கும் உப்பு, அழுக்கு இவற்றால் அது லேசாக மின்சாரத்தைக் கடத்தும். சேரில் இருந்து எழும்போது மின்னூட்டம் பிரிவது எல்லா நாளும் நடப்பதுதான், ஈரமான நாளில் நீங்கள் பீரோவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மேற்பரப்பு வழியாகவே கசிந்து போய்விடுகிறது.

ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே பெரும்பாலான மழையைக் கொட்டிவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குற்றாலத்துக்குச் சாரல் வருகிறது. அதிலிருந்து அறுபது கிலோமீட்டர் போலக் கிழக்கே திருநெல்வேலிக்கு வந்தால் அதே காற்று மலையில் இருந்து இறங்கிச் சூடாகி, காய்ந்துபோய் அடிக்கிறது. பணகுடி, காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்றாலை சுற்றுகிற அந்த மேல்காற்றில் நைலான் சேலையைக் கொடியில் இருந்து எடுத்துப் பாருங்கள், பட்பட் என்று சத்தமே கேட்கும். பங்குனி மத்தியான வெயிலிலும் இதே கதைதான். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பிடித்துவிட்டால் சோதனை செய்து காட்ட நினைக்கிற வாத்தியார் பாடு திண்டாட்டம், எவ்வளவு தேய்த்தாலும் ஒன்றும் நிற்காது.

விக்கிரமசிங்கபுரம் மாதிரி மில் ஊர்களில் யாரையாவது கேட்டுப் பாருங்கள், உள்ளே ஈரப்பதம் வைத்துக்கொள்ளவே தனி ஏற்பாடு இருக்கும் என்பார்கள். பஞ்சு காய்ந்துபோனால் இழைகள் மின்னூட்டம் பெற்று ஒன்றை ஒன்று தள்ளும், உருளையில் சுற்றிக்கொள்ளும், நூல் அடிக்கடி அறும். நூற்பு ஆலைகள் ஈரத்துக்குச் செலவு செய்கிற காரணத்தில் இதுவும் ஒன்று.

கூலூம் விதியைக் கணக்கு இல்லாமல் புரிய வைக்க முடியுமா?

கொஞ்சம் கணக்கோடுதான் புரியும், பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான். சார்லஸ் அகஸ்டின் டி கூலூம் பிரெஞ்சு ராணுவத்தில் பொறியாளர். 1785-ல் மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, குச்சியின் முனையில் ஒரு சின்ன உருண்டை, அதன் பக்கத்தில் அசையாமல் இன்னொரு உருண்டை. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் கொடுத்தால் விலகும், விலகும்போது கம்பி முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு முறுக்கியது என்று பார்த்தால் எவ்வளவு விசை என்று தெரிந்துவிடும். முறுக்குத் தராசு என்று பாடப்புத்தகத்தில் இருப்பது இதுதான்.

அவர் கண்டது இரண்டு விஷயம். ஒன்று, விசை இரண்டு மின்னூட்டங்களின் பெருக்கல் தொகையைப் பொறுத்தது. ஒன்றை இரண்டு மடங்கு ஆக்கினால் விசை இரண்டு மடங்கு, இரண்டையும் ஆக்கினால் நான்கு மடங்கு. இன்னொன்று, தூரம் கூடினால் தூரத்தின் வர்க்கத்தில் விசை குறையும். பத்து சென்டிமீட்டரில் இருந்ததை இருபதுக்குத் தள்ளினால் கால்வாசி, முப்பதுக்குத் தள்ளினால் ஒன்பதில் ஒரு பங்கு. விசை எப்போதும் இரண்டையும் சேர்க்கிற நேர்கோட்டில், இரண்டின் மேலும் ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில். பெரிய மின்னூட்டம் சின்னதை அதிகமாக இழுக்கும் என்று பரீட்சையில் எழுதினால் மார்க் போய்விடும், இரண்டும் ஒன்றை ஒன்று சமமாகத்தான் இழுக்கும்.

எழுதினால் இப்படி: விசை = 9 × 10⁹ × முதல் மின்னூட்டம் × இரண்டாவது மின்னூட்டம் ÷ தூரத்தின் வர்க்கம். மின்னூட்டம் கூலூமில், தூரம் மீட்டரில் இருந்தால் விடை நியூட்டனில் வரும். இது காற்றிலும் வெற்றிடத்திலும்.

இப்போது அந்த 9 × 10⁹ என்கிற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். 900 கோடி. ஒரு கூலூம் இங்கே, ஒரு கூலூம் ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் 900 கோடி நியூட்டன் விசை, ஏறக்குறைய 9 லட்சம் டன் எடையைத் தூக்கிப் பிடிக்கிற பலம். அதனால்தான் நாம் வீட்டில் கூலூம் கணக்கில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கவே முடியாது, அதற்கு ரொம்ப முன்பே காற்று உடைந்து பொறி பறந்துவிடும்.

நம் வீட்டுக் கணக்கு எப்படி என்றால், தலையில் தேய்த்த ஒரு பலூனில் சுமார் 0.1 மைக்ரோகூலூம் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம், கூலூமில் கோடியில் ஒரு பங்கு. அப்படி இரண்டு பலூனைப் பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் நூலில் தொங்கவிட்டால் விசை 0.009 நியூட்டன், ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவான எடை. பலூனே இரண்டு மூன்று கிராம்தான், அதனால் இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விலகி நிற்கும். 0.1 மைக்ரோகூலூம் என்றால் சுமார் 62,000 கோடி எலக்ட்ரான்கள். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் அந்தப் பலூனின் ரப்பரில் இருக்கிற எலக்ட்ரான்களோடு ஒப்பிட்டால் ஒன்றரை லட்சம் கோடிக்கு ஒன்று என்கிற அளவுதான் கூடியிருக்கிறது. கணக்கில் இத்தனை சின்னப் பிசகு போதும், பலூன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இதை நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன், எனக்கே இன்னும் அலுக்கவில்லை.

புவியீர்ப்பை விடப் பெரிய விசையா இது? அப்புறம் ஏன் நமக்குப் புவியீர்ப்புதான் தெரிகிறது?

ஒரு எலக்ட்ரானுக்கும் ஒரு புரோட்டானுக்கும் நடுவில் பார்த்தால் மின்விசை, ஈர்ப்பு விசையைப் போல 2-க்குப் பின்னால் 39 சைபர் போட்ட மடங்கு பெரியது. ஆனால் மின்விசையில் பிளஸ், மைனஸ் இரண்டும் உண்டு, பெரிய பொருள்களில் இழுப்பும் தள்ளலும் ஒன்றை ஒன்று அடித்துவிடுகின்றன. ஈர்ப்பில் தள்ளல் என்பதே கிடையாது, இழுப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. அதனால் பூமி அளவுக்குப் போனால் ஈர்ப்பு ஜெயிக்கிறது. நாற்காலி உங்களைத் தாங்குவது, கயிறு அறுபடாமல் இருப்பது, கல் கல்லாக இருப்பது இதற்கெல்லாம் அடியில் அணுக்களுக்கு நடுவில் இருக்கிற மின்விசைதான்.

பேப்பர்த் துண்டில் மின்னூட்டமே இல்லையே, சீப்பு எப்படி இழுக்கிறது?

நல்ல கேள்வி, அநேகம் பேர் கேட்காமல் விடுகிற கேள்வி. மைனஸ் சீப்பைப் பக்கத்தில் கொண்டு போனதும் காகிதத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் எலக்ட்ரான்கள் சீப்பை விட்டுக் கடுகளவுகூட இல்லாத தூரம் விலகுகின்றன. அதனால் சீப்புக்குப் பக்கத்து ஓரம் கொஞ்சம் பிளஸ், தூரத்து ஓரம் கொஞ்சம் மைனஸ். இதற்கு மின்முனைவாக்கம் என்று பெயர். பக்கத்தில் இருக்கிற பிளஸ்ஸை இழுக்கிற விசை, தூரத்தில் இருக்கிற மைனஸைத் தள்ளுகிற விசையை விடக் கொஞ்சம் அதிகம், தூரத்தின் வர்க்கம் என்று மேலே சொன்னேனே, அதனால்தான். மிச்சம் இழுப்பு. சீப்பு பிளஸ்ஸாக இருந்தாலும் இதே கதை தலைகீழாக நடந்து இழுப்புதான் வரும்.

கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டுச் சில துண்டுகள் திடீரென்று துள்ளி விழுவதையும் பாருங்கள். ஒட்டியபோது சீப்பின் மின்னூட்டத்தில் கொஞ்சம் காகிதத்துக்கு ஏறிவிடுகிறது, இப்போது இரண்டும் ஒரே வகை, தள்ளிவிடுகிறது.

குழாயை நூல் போல ஒழுக விட்டு, தேய்த்த சீப்பைப் பக்கத்தில் கொண்டு போங்கள், படாமல். தண்ணீர் சீப்புப் பக்கம் வளையும்.

தூத்துக்குடி உப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்றீர்களாமே?

உண்டு. எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்னூட்டத்தோடு நிற்கிற அணுவுக்கு அயனி என்று பெயர். உப்புக் கல் என்பது பிளஸ் சோடியம் அயனியும் மைனஸ் குளோரைடு அயனியும் கூலூம் விசையால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு அடுக்கி நிற்பதுதான். அந்தப் பிடி சாதாரணம் இல்லை, உப்பை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் கரண்டியால் கலக்கினாலே கரைந்துவிடுகிறது. காரணம், இரண்டு மின்னூட்டங்களுக்கு நடுவில் தண்ணீர் இருந்தால் விசை சுமார் 80-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். தண்ணீர் மூலக்கூறில் ஒரு பக்கம் லேசாக மைனஸ், ஒரு பக்கம் லேசாக பிளஸ். அவை அயனிகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு பிரித்து எடுத்துவிடுகின்றன. உப்பளத்துப் பாத்தியில் நடப்பது இதற்கு நேர் எதிர். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகப் போக அயனிகள் நெருங்கி, பழைய பிடி திரும்ப வந்து, கல்லாக அடுக்கிக்கொள்கின்றன.

சின்னப் பொறிக்கே பல ஆயிரம் வோல்ட் என்கிறார்கள். 230 வோல்ட்டே ஆளைக் கொல்லுமே?

வோல்ட்டை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது, எவ்வளவு மின்னூட்டம் பின்னால் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். பீரோவில் மூன்று மில்லிமீட்டர் பொறி பறந்தது என்றால் நீங்கள் பத்தாயிரம் வோல்ட்டில் நின்றிருக்கிறீர்கள். ஆனால் உடம்பில் தங்கியிருந்தது ஒரு மைக்ரோகூலூம் போலத்தான், ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் சில பங்கு. சுளீர் என்றதும் தீர்ந்துவிட்டது. வீட்டு மின்சாரம் அப்படித் தீராது, விடும் வரை தந்துகொண்டே இருக்கும். ஆபத்து அங்கேதான்.

அப்போ பெட்ரோல் பங்க்கில் மட்டும் ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

உங்களைக் கொல்லாத பொறி, பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்கப் போதும். சரியான விகிதத்தில் காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவிக்கு ஒரு மில்லிஜூலில் கால்வாசி ஆற்றலே போதும், உங்கள் விரலில் இருந்து பறப்பது அதைப் போலப் பல மடங்கு. டேங்கர் லாரி வந்து இறக்கும்போது முதலில் எர்த் கிளிப்பை மாட்டிவிட்டுத்தான் குழாயை இணைப்பார்கள், குழாயில் பெட்ரோல் ஓடுவதே உராய்வுதான் என்பதால். பிளாஸ்டிக் கேனை வண்டி மேலேயே வைத்துக்கொண்டு நிரப்பச் சொல்கிறவர்களிடம் நான் வாதம் செய்து களைத்துவிட்டேன்.

வடக்கே சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைகளில் பாலியஸ்டர், நைலான் போட்டுக்கொண்டு மருந்து அறைக்குள் போகக் கூடாது, பருத்திதான் என்பதற்கும் இதுவே காரணம்.

செப்புக் காப்பு போட்டால் ஷாக் அடிக்காதா?

அடிக்கும். செம்பு நல்ல கடத்திதான், ஆனால் அது எங்கே கடத்தும்? உங்கள் கையில் இருந்து உங்கள் கைக்கே. மொபைல் சர்வீஸ் கடையில் மணிக்கட்டில் பட்டை கட்டிக்கொண்டு வேலை பார்ப்பார்களே, அதில் ஒரு வயர் எர்த்துக்குப் போகும், வேலை செய்வது அந்த வயர்தான். வீட்டில் தப்பிக்க வேண்டுமென்றால் சேரை விட்டு எழுவதற்கு முன்பே பக்கத்தில் இருக்கிற இரும்பைப் பிடித்துக்கொண்டு எழுங்கள், அல்லது கையில் சாவியைப் பிடித்துக்கொண்டு சாவியால் பீரோவைத் தொடுங்கள், பொறி சாவி முனையில் பறந்துவிடும், விரலில் உறைக்காது. பருத்தி உடுத்தி, செருப்பில்லாமல் சிமெண்ட் தரையில் நடக்கிறவருக்கு இந்தக் கவலையே இல்லை.

மின்னலும் இதே சமாச்சாரமா? பனையில்தானே அதிகம் விழுகிறது?

இதே சமாச்சாரம்தான், அளவு மட்டும் பயங்கரம். இடி மேகத்துக்குள் பல கிலோமீட்டர் உயரத்தில் சின்னப் பனித் துகள்களும் மென்மையான ஆலங்கட்டிகளும் மோதிக்கொள்கின்றன. மோதிப் பிரியும்போது லேசான துகள்கள் பிளஸ் ஆகி மேலேறும் காற்றோடு போகும், கனமான கட்டிகள் மைனஸ் ஆகிக் கீழே தங்கும். ஆக மேகத்தின் அடியில் மைனஸ் சேர்கிறது. அதன் நேர் கீழே தரையில் இருக்கிற எலக்ட்ரான்கள் தள்ளப்பட்டு, தரை பிளஸ் ஆகிறது, சீப்புக்குக் கீழே காகிதம் போல. தாங்க முடியாத நிலை வந்ததும் மேகத்தில் இருந்து படிப்படியாக ஒரு பாதை இறங்கி வரும், தரையில் உயரமாக நிற்பவற்றில் இருந்து மேல் நோக்கியும் சின்னச் சின்னப் பாதைகள் கிளம்பும். எது முதலில் சேர்கிறதோ அங்கே விழும். ஓட்டம் 30,000 ஆம்பியர் போல, பாதையில் வெப்பம் ஏறக்குறைய 30,000 டிகிரி. காற்று அப்படித் திடீரென்று விரிவதுதான் இடிச் சத்தம்.

திசையன்விளை, உடன்குடித் தேரியில் முப்பது மீட்டர் வரை வளர்கிற பனையை விட உயரமாக வேறு என்ன இருக்கிறது? அதனால் பனையில் விழுகிறது, மரத்துக்குள் இருக்கிற ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி மரம் பிளக்கிறது அல்லது கொண்டை கருகுகிறது. பனைக்கென்று தனியாக மின்னலை இழுக்கிற குணம் கிடையாது, அதே இடத்தில் செல்போன் கோபுரம் நின்றால் அதில் விழும். காற்றாலை இறக்கைகளின் முனையில் உலோகம் வைத்து உள்ளே கம்பி வழியாகத் தரைக்கு இறக்கியிருப்பது இதற்காகத்தான்.

சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசியிலும் ஆடு மேய்க்கிறவர்கள், பதநீர் இறக்குகிறவர்கள், குளத்துக்கரையில் நிற்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: மரத்தடிக்குப் போகவே கூடாது. மரத்தில் இறங்குவது பக்கத்தில் நிற்கிற ஆள் மேல் தாவும், தரையில் பரவி இரண்டு கால்களுக்கு நடுவிலும் பாயும். ஒரே மின்னலில் மரத்தடி ஆடுகள் கூட்டமாகச் சாவது அப்படித்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் மூன்று நொடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் சத்தம் கேட்டால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் பொறுங்கள். "அர்ச்சுனா அர்ச்சுனா" என்று சொல்வதை உள்ளே போய்ச் சொல்லுங்கள். மின்னல் தாக்கியவரைத் தொடலாம், அவர் உடம்பில் மின்னூட்டம் எதுவும் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்துகொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும், தொடப் பயந்து நிற்கிற நேரத்தில்தான் உயிர் போகிறது.

கோபுரக் கலசம்தான் அந்தக் காலத்து இடிதாங்கி என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

எனக்கும் வருகிறது. இடிதாங்கி என்றால் மூன்று வேண்டும்: உச்சியில் உலோகம், அதிலிருந்து தொடர்ந்து இறங்குகிற கனமான கம்பி அல்லது பட்டை, தரைக்குள் நல்ல எர்த். கலசம் முதலாவது மட்டும். கீழே செங்கலும் சுதையும் கல்லும், அவை மின்னலுக்குச் சுகமான வழி இல்லை. கலசத்துக்குள் போடும் வரகு மின்னலை உள்வாங்கும் என்பதும் சரியில்லை, வரகுக்கு அப்படி ஒரு குணம் கிடையாது. அதை விதைச் சேமிப்பு என்று சொன்னால் அது வேறு பேச்சு, அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. இப்போது பல கோயில்களில் கலசத்துக்குப் பக்கத்தில் கம்பி வைத்துச் செப்புப் பட்டையைத் தரை வரை இறக்கியிருக்கிறார்கள். அடுத்த தடவை அண்ணாந்து பாருங்கள், தெரியும்.

பஸ்ஸுக்குள் இருந்தால் டயர் ரப்பர் என்பதால் மின்னல் தாக்காதாமே?

பாதுகாப்பு உண்மை, காரணம் தவறு. கிலோமீட்டர் கணக்கில் காற்றைத் தாண்டி வந்த மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் என்ன தடை? உங்களைக் காப்பது சுற்றிலும் இருக்கிற இரும்புக் கூடு. கடத்தியின் மேல் மின்னூட்டம் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வெளிப்பரப்பில்தான் நிற்கும், வெளிப்பரப்பு வழியாகவே தரைக்குப் போகும், உள்ளே மின்புலம், அதாவது மின்னூட்டத்தை இழுக்கவோ தள்ளவோ செய்கிற விசையின் தாக்கம், ஏறக்குறைய இல்லை. 1836-ல் மைக்கேல் ஃபாரடே ஒரு அறை அளவுக் கூண்டு கட்டி, வெளியே பொறி பறக்க விட்டு, உள்ளே கருவி வைத்துச் சோதித்துப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, இரும்பைத் தொடாமல் உட்காருங்கள். பைக், ஆட்டோ, டிராக்டர் இதில் சேராது.

இதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் எதிரே எந்த ஜெராக்ஸ் கடையிலும் ஓடுவது இதுதான். உருளையில் எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் மின்னூட்டம் நிற்கும், கறுப்புப் பொடி அங்கே போய் ஒட்டும், காகிதத்துக்கு மாறும், சூட்டில் பதியும். 1938-ல் செஸ்டர் கார்ல்சன் கண்டுபிடித்தது. சூடாக வெளியே வருகிற தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, மிச்ச மின்னூட்டம்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் நிலக்கரிச் சாம்பல் புகைபோக்கி வழியாகப் போய்விடாமல் பிடிப்பதும் இதை வைத்துத்தான். பல ஆயிரம் வோல்ட் கொடுத்த மெல்லிய கம்பிகளுக்கு நடுவில் புகை போகும்போது சாம்பல் துகள் மின்னூட்டம் பெற்று, பக்கத்துத் தகடுகளில் போய் ஒட்டும். தகட்டைத் தட்டினால் சாம்பல் கீழே கொட்டும், அது சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. கார், கிரில் கேட் பெயிண்ட், பவுடர் கோட்டிங் எல்லாம் இதே தந்திரம்.

பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க ஏதாவது சொல்லுங்கள், செலவில்லாமல்.

செல்லோ டேப் போதும். ஒரு சாண் நீளத்தில் இரண்டு துண்டு எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு முனையையும் மடக்கிப் பிடி வைத்துக்கொண்டு, மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். சட்டென்று உரித்துத் தொங்கவிட்டு அருகருகே கொண்டு வந்தால் இரண்டும் விலகும், ஏனென்றால் இரண்டும் ஒரே மேஜையில் இருந்து ஒரே வகை மின்னூட்டத்தோடு வந்தவை. அப்புறம் ஒரு துண்டை மேஜையில் ஒட்டி, அதன் முதுகில் இன்னொன்றை ஒட்டி, இரண்டையும் சேர்த்து மெதுவாகத் தூக்கி, விரலால் நீளவாக்கில் தடவிவிட்டு, பிறகு ஒன்றில் இருந்து ஒன்றைச் சட்டென்று பிரியுங்கள். இப்போது ஈர்க்கும். தேய்த்த சீப்பை ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொண்டு போய், எதைத் தள்ளுகிறது, எதை இழுக்கிறது என்று பார்த்தால் எது மைனஸ், எது பிளஸ் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஃபேனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், மழை நாளில் வேண்டாம்.